பக்கத்துக் கிரகங்களில் அறிவுள்ள உயிர்கள் இருக்க வாய்ப்பு உண்டா?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. நமக்குப் பக்கத்தில் உள்ள கிரகங்களில் மனிதர்களைப் போல யோசிக்கத் தெரிந்த உயிர்கள் இருக்குமா? இருந்தால் ஏன் இதுவரை ஒரு சத்தமும் இல்லை?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்களுக்கு வருகிறேன். பக்கத்தில் உயிர் இருக்கலாம். எங்கோ தொலைவில் அறிவுள்ள உயிரும் இருக்கலாம்; இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் 'பக்கத்தில்', 'அறிவுள்ள' என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால் வாய்ப்பு சடாரென்று விழுந்துவிடுகிறது. தூரம்தான் இடைஞ்சல் என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரிய இடைஞ்சல் காலம்.

செவ்வாயிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. இந்தக் கேள்வி பிறந்த வீடே அதுதான். 1877இல் செவ்வாய் பூமிக்கு அருகே வந்தபோது, மிலான் நகரத்து வானியலாளர் ஜியோவான்னி ஸ்கியாபரெல்லி அதன் மேல் மெல்லிய கோடுகளைக் கண்டதாக வரைபடம் போட்டார். இத்தாலிய மொழியில் அவற்றை 'கனாலி' என்றார். அந்தச் சொல் ஓடைக்கும் பொருந்தும், வாய்க்காலுக்கும் பொருந்தும். நமக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடை தானாக ஓடுவது, வாய்க்கால் ஆள் வைத்து வெட்டுவது. ஆங்கிலத்துக்குப் போனபோது அது வாய்க்காலாகிவிட்டது. சூயஸ் கால்வாய் திறந்து எட்டு வருடமே ஆகியிருந்த நேரம் வேறு.

அதைப் பிடித்துக்கொண்டவர் பெர்சிவல் லோவெல். பாஸ்டனைச் சேர்ந்த பணக்காரர். 1894இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் சொந்தச் செலவில் வானாய்வகம் கட்டி, வருடக்கணக்கில் செவ்வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்துகொண்டிருக்கும் கிரகம், துருவத்தில் உருகும் பனி, அந்தத் தண்ணீரை வறண்ட நடுப்பகுதிக்குக் கொண்டுவர ஒரு பழைய நாகரிகம் வெட்டிய வாய்க்கால்கள் என்று அவர் கட்டிய கதை அத்தனை பொருத்தமாக இருந்தது. ஜனங்கள் எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன். 1900இல் பிரான்ஸில் ஒரு பரிசு அறிவித்தார்கள்: வேறொரு விண்பொருளில் உள்ளவர்களோடு தொடர்புகொண்டு பதில் வாங்குபவருக்கு ஒரு லட்சம் பிராங்க். அதில் ஒரு நிபந்தனை, செவ்வாய் சேர்த்தியில்லை. அங்கே ஆள் இருப்பது தெரிந்த விஷயம், அவர்களோடு பேசுவது ரொம்பச் சுலபம் என்பதுதான் காரணம்!

எல்லோரும் ஏமாறவில்லை. டார்வினோடு சேர்த்து நினைக்கப்படும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1907இலேயே, அவ்வளவு குளிரும் அவ்வளவு மெல்லிய காற்றும் உள்ள இடத்தில் திறந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடாது என்று எழுதினார். 1909இல் பாரிஸுக்கு அருகே மூதோனில் உள்ள பெரிய தொலைநோக்கி வழியே வானியலாளர் யூஜின் அந்தோனியாதி பார்த்தபோது, நேர்கோடுகள் கலைந்து திட்டுத்திட்டாகத் தெரிந்தன. மங்கலாகத் தெரியும் புள்ளிகளைக் கோடாக இழுத்துச் சேர்ப்பது நம் கண்ணின் வழக்கம். நான் தொலைநோக்கியில் செவ்வாயைக் காட்டும்போதெல்லாம் இதைப் பார்க்கிறேன். முதல் நிமிடம் ஆரஞ்சு வட்டம் மட்டும்தான் தெரிகிறது என்பவர்கள், ஐந்தாம் நிமிடம் கோடு கோடாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

கதை முடிந்தது 1965 ஜூலையில். நாசாவின் மாரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்துபோகும்போது 21 முழுப் படங்களையும் 22வதில் ஒரு துண்டையும் அனுப்பியது. நிலாவைப் போலக் குழி குழியான தரை. காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. வாய்க்காலும் இல்லை, வெட்டியவர்களும் இல்லை. 1976இல் வைக்கிங் விண்கலம் எடுத்த படத்தில் 'மனித முகம்' தெரிகிறது என்று மறுபடி ஒரு கிளர்ச்சி நடந்தது. 2001இல் கூர்மையான கேமரா பார்த்தபோது அது தேய்ந்துபோன ஒரு குன்று.

சரி, ஆள் இல்லை. உயிராவது? இங்கேதான் செவ்வாய் உண்மையிலேயே சுவாரசியமாகிறது. 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆறு ஓடியிருக்கிறது, ஏரி இருந்திருக்கிறது. அதன் காந்தப்புலம் எப்போதோ அணைந்துபோனது. சூரியன் வீசும் துகள்களான சூரியக் காற்று அதன் வளிமண்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டு போய்விட்டது. 1976இல் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களும் செவ்வாய் மண்ணில் சத்துக்கரைசலை விட்டுப் பார்த்தன. ஏதோ ஒன்று அதைத் தின்று வாயு விட்டதுபோல ஒரு சோதனையில் முடிவு வந்தது. ஆனால் மண்ணைச் சூடாக்கிப் பார்த்த இன்னொரு கருவி, இதில் கரிமச் சேர்மங்களே இல்லை என்றது. உடலே இல்லாமல் உயிர் ஏது? மண்ணின் வேதியியல் காட்டிய வித்தை அது என்று பெரும்பாலோர் முடிவுகட்டினார்கள். 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டபோது விஷயம் மறுபடி கிளறப்பட்டது. நம் ஊர்ப் பக்கம் வாணவேடிக்கைச் சரக்கில் சேர்க்கிற உப்பு வகை அது. சூடேறினால் கரிமப் பொருளை எரித்துவிடும். வைக்கிங்கின் அடுப்பே தான் தேடியதைக் கருக்கியிருக்கலாம்.

இப்போதைய செய்தி, 2024 ஜூலையில் பெர்சிவரன்ஸ் ஊர்தி ஜெசீரோ பள்ளத்தில் கண்ட ஒரு பாறை. சிறுத்தைத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. புள்ளிகளில் இரும்பு பாஸ்பேட், இரும்பு சல்ஃபைடு வகைத் தாதுக்கள் இருப்பதற்கான தடயம் கிடைத்தது. பூமியில் சேற்றுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் இப்படிப்பட்ட தாதுக்களை உண்டாக்குகின்றன. உயிர் இல்லாமலும் அவை உண்டாகலாம். 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வு 'உயிரின் தடயமாக இருக்கக்கூடும்' என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. துளைத்தெடுத்த சில்லு இன்னும் செவ்வாயிலேயே கிடக்கிறது. அதைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம் செலவு ஏறிப்போய் நின்றுபோயிருக்கிறது. சூரியக் குடும்பத்தில் பழைய உயிர் கிடைத்தால் இங்கேதான் கிடைக்கும் என்பது என் பந்தயம். ஆனால் கிடைக்கப்போவது வழவழப்பான பாசிப் படலத்தின் மிச்சம். கடிதம் எழுதும் ஆள் இல்லை.

வெள்ளியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தரையில் 460 டிகிரிக்கு மேல் வெப்பம், நம்மைப் போல 90 மடங்கு காற்றழுத்தம். 1982இல் இறங்கிய சோவியத் நாட்டின் வெனெரா 13 அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. அதுவே பெரிய சாதனை. மேகத்தில் பாஸ்பீன் வாயு இருக்கிறது, உயிரின் வேலையாக இருக்கலாம் என்று 2020இல் ஒரு அறிவிப்பு வந்தது. அந்த அளவீடு சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

வியாழனின் துணைக்கோள் யூரோப்பாவும் சனியின் துணைக்கோள் என்செலடஸும் வேறு ரகம். மேலே கிலோமீட்டர் கணக்கில் பனிக்கட்டி, அடியில் கடல். யூரோப்பாவின் கடலில் பூமியின் கடல்களைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. என்செலடஸ் வெறும் 500 கிலோமீட்டர் குறுக்களவுள்ள குட்டி உருண்டை. ஆனால் தென்துருவ விரிசல்களிலிருந்து அது பீய்ச்சும் நீரை 2005இல் காசினி கலம் கண்டது; அந்தப் பீய்ச்சலில் உப்பு, ஹைட்ரஜன், கரிமச் சேர்மங்கள், பாஸ்பேட் எல்லாம் இருப்பது அடுத்தடுத்த வருடங்களில் தெரியவந்தது. சமையலுக்கு வேண்டிய சரக்கு ஏறக்குறைய முழுவதும் அங்கே இருக்கிறது.

அப்படியானால் அந்த இருட்டுக் கடலில் ஆக்டோபஸ் மாதிரி புத்திசாலி ஒன்று நீந்தக் கூடாதா என்று கேட்பார்கள். முடியவே முடியாது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் சாப்பாட்டுக் கணக்கு இடிக்கிறது. நம் மூளை உடல் எடையில் இரண்டு சதவீதம்தான், சாப்பிடுவதோ உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு. அறிவு என்பது அவ்வளவு செலவாளி. பூமியில் அந்தச் செலவுக்குப் பணம் கட்டியது சூரிய ஒளியும், அதை வைத்துப் பாசிகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் உமிழ்ந்து சேர்த்த ஆக்சிஜனும். பனிக்கு அடியில் வெளிச்சம் இல்லை. கடலடிப் பாறையின் வேதிச் சூட்டில் நுண்ணுயிர்க் கூட்டம் காலம் தள்ளலாம். பெரிய மூளைக்கு அது கட்டுப்படியாகாது. மீறி ஒன்று உருவானாலும் அதற்குத் தீ தெரியாது, உலோகம் உருக்கத் தெரியாது, தலைக்கு மேல் நட்சத்திரம் இருப்பதே தெரியாது. நம்மைக் கூப்பிடும் என்று காத்திருக்க முடியாது. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை எட்டும். அது உயிரைத் தேடிப் போகவில்லை; அந்தக் கடல் உயிர் வாழத் தக்கதா என்று பார்க்கத்தான் போகிறது.

ஒரு கிரகத்தில் அறிவுள்ள உயிர் இருப்பதை வெளியே நின்று எப்படித் தெரிந்துகொள்வது? இதை ஒரு முறை நிஜமாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வியாழனுக்குப் போய்க்கொண்டிருந்த கலிலியோ கலம் 1990 டிசம்பரில் வேகம் கூட்டிக்கொள்ளப் பூமியை ஒட்டிக் கடந்தது. அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனும் கூட்டாளிகளும் அதன் கருவிகளைப் பூமிப் பக்கம் திருப்பி, இங்கே என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியாதவர்கள் போலப் பார்த்தார்கள். காற்றில் ஆக்சிஜனும் மீத்தேனும் ஒன்றாக இருந்தன. இரண்டும் சேர்ந்து நீடிக்காது, யாரோ விடாமல் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் அது உயிருக்கு நல்ல அடையாளம். கேமராவில் விழுந்தது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவும் அன்டார்டிகாவும். கட்டடமோ சாலையோ ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. அறிவுள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: குறிப்பிட்ட அலைவரிசைகளில் வந்த வானொலி அலைகள். நூறு வருடம் முன்னால் அதே கலம் கடந்திருந்தால் 'உயிர் உண்டு, அறிவு இருப்பதாகத் தெரியவில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருக்கும்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு நட்சத்திரங்களுக்குப் போவோம். சூரியனுக்கு மிக அருகில் இருப்பது பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு; வானொலி அலைக்கும் அதே வேகம்தான்). வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் பெரிய சொந்தக்காரன் ஆல்ஃபா சென்டாரியை மே கடைசியில் இரவு 10 மணி வாக்கில் தமிழ்நாட்டிலிருந்தே பார்க்கலாம், தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே. அது ஒன்றல்ல, இரட்டை என்று 1689இல் கண்டவர் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார். வால்வெள்ளி ஒன்றைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. பார்த்த இடம் நம் புதுச்சேரி.

பிராக்சிமாவைப் பூமி அளவு எடையுள்ள ஒரு கிரகம் 11.2 நாளுக்கு ஒரு முறை சுற்றுவது 2016இல் உறுதியானது. தண்ணீர் திரவமாக இருக்கக்கூடிய தொலைவுதான். கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் பிராக்சிமா ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரம், அதாவது சூரியனைவிடச் சிறியது, மங்கலானது; அதுவும் கோபக்கார ரகம். 2016 மார்ச்சில் அதில் வெடித்த ஒரு தீக்கொழுந்தில் அதன் பிரகாசம் 68 மடங்கு ஏறியது. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவில் இருபதில் ஒரு பங்கு தள்ளித்தான் அந்தக் கிரகம் நிற்கிறது. அதன் வளிமண்டலம் மிஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி. 40 ஒளியாண்டில் டிராப்பிஸ்ட்-1 என்ற இன்னொரு சிவப்புக் குள்ளனைப் பூமி அளவிலான ஏழு கிரகங்கள் சுற்றுகின்றன. அவற்றில் உள்ளே இருக்கும் இரண்டை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோது கனமான காற்றுப் போர்வை எதுவும் தட்டுப்படவில்லை.

பிராக்சிமா பக்கமிருந்து ஒரு 'குரல்' கூட வந்தது. 2019இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு சன்னமான சமிக்ஞை பதிவானது. விஷயம் கசிந்ததும் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆய்வு செய்தவர்கள் பொறுமையாகத் தோண்டியபோது, தொலைநோக்கி வேறு பக்கம் திரும்பியிருந்த நேரத்திலும் அதே சாயலில் சமிக்ஞைகள் இருந்தன. நம் மின்னணுச் சாதனங்களின் இரைச்சல்தான் என்று 2021இல் முடிவானது. அதே பார்க்ஸில் வருடக்கணக்கில் குழப்பிய இன்னொரு சமிக்ஞையின் காரணம் 2015இல் தெரிந்தது: சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு நிற்பதற்கு முன்பே யாரோ அவசரப்பட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்கள்!

இப்போது காலக் கணக்குக்கு வருகிறேன். நான் வேண்டுமென்றே தாராளமாகப் போடும் கணக்கு இது. சூரியனைச் சுற்றி 33 ஒளியாண்டுக்குள் சுமார் 340 நட்சத்திர அமைப்புகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல கிரகம், ஒவ்வொரு கிரகத்திலும் என்றாவது ஒரு நாள் வானொலி கண்டுபிடிக்கும் ஓர் இனம் தோன்றியே தீரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இனம் பத்தாயிரம் ஆண்டு நீடிக்கட்டும். நாம் வானொலி கண்டு இன்னும் 150 ஆண்டு கூட ஆகவில்லை. கிரகத்தின் வயது பூமியைப் போல 450 கோடி ஆண்டு. அப்படியானால் ஒரு கிரகத்தை இன்று எட்டிப் பார்க்கும்போது அங்கே விளக்கு எரிந்துகொண்டிருக்க வாய்ப்பு நாலரை லட்சத்தில் ஒன்று. 340 வீட்டையும் தட்டிப் பார்த்தால் மொத்தமாக 1,300இல் ஒன்று. ஒரு வீட்டிலாவது இப்போது ஆள் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு இனமும் 1.3 கோடி ஆண்டு தாக்குப்பிடிக்க வேண்டும்.

அதே கணக்கை நம் நட்சத்திரக் கூட்டமான பால்வழி முழுவதற்கும் நீட்டினால் படம் மாறிவிடுகிறது. குறைந்தது பத்தாயிரம் கோடி நட்சத்திரங்கள். நாலரை லட்சத்துக்கு ஒன்று என்றால் இந்த நொடியில் இரண்டு லட்சம் நாகரிகங்கள் விழித்திருக்கும். அப்போதும் நமக்கு மிக அருகில் இருப்பது சராசரியாக 360 ஒளியாண்டு தள்ளித்தான் வரும். நம் வானொலி அலைகள் கிளம்பி அதில் பாதித் தூரம் கூடப் போகவில்லை. நாம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு என் பதில் இதுதான். நேரில் வருவது இன்னும் கஷ்டம். நொடிக்கு 17 கிலோமீட்டர் போகும் வாயேஜர் 1 விண்கலம் பிராக்சிமா அளவு தூரம் கடக்கவே 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும். என் தாராளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் அந்த 360 ஒளியாண்டு ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். பூமியையே பாருங்கள்: உயிர் தோன்றி 350 கோடி ஆண்டாவது ஆகிறது, அதில் பெரும்பகுதி ஒற்றை உயிரணுக்களின் ராஜ்ஜியம். அறிவு வந்தே தீரும் என்று எந்த அவசரமும் பரிணாமத்துக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பறக்கும் தட்டு பற்றிக் கேட்பீர்கள். 2023இல் நாசா அமைத்த குழு, விளங்காத காட்சிகள் உண்டு, அவை வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று இல்லை என்றது. எனக்கும் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. 124 ஒளியாண்டில் உள்ள கே2-18பி கிரகத்தில் உயிரின் வாசனை என்று 2025 ஏப்ரலில் பரபரப்பானதே, அதை அறிவித்த குழுவின் தலைவர் நிக்கு மதுசூதன் இந்தியாவில் பிறந்தவர் என்பதால் இங்கே கூடுதல் சத்தம். அந்தத் தரவை மறுபடி அலசிய மற்றவர்களுக்கு அவ்வளவு உறுதி வரவில்லை. உறுதியாகியிருந்தாலும் அது கடல் மிதவை உயிர்கள் விடும் வாயு. அதிலிருந்து நாகரிகத்துக்குப் போக நெடுந்தூரம்.

என் கருத்து மாற என்ன வேண்டும்? சிலியில் 39 மீட்டர் கண்ணாடியோடு ஒரு மிகப்பெரிய தொலைநோக்கி எழுந்துகொண்டிருக்கிறது. பிராக்சிமாவின் கிரகத்தில் காற்று இருந்தால், அதில் ஆக்சிஜன் உண்டா என்று பார்க்கும் அளவுக்குக் கூர்மையான கண் அது. ஆக்சிஜனும் மீத்தேனும் ஒன்றாகத் தெரிந்தால் பக்கத்து வீட்டில் உயிர் உண்டு என்று இந்தப் பதிலைத் திருத்துவேன். அறிவுள்ள உயிர் என்று எழுத, 1990இல் கலிலியோவுக்குக் கேட்டது போல ஓர் அலைவரிசையும் கேட்க வேண்டும், அதுவும் தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பியதும் நின்றுபோகிற மாதிரி.